கூத்து நிற்கவில்லை, குரல் நின்றுவிட்டது

2018ஆம் ஆண்டு கோடையில் ஒரு சனிக்கிழமை மதியம் பெரியப்பாவிடமிருந்து அழைப்பு வந்தது. "தம்பி, பெட்டி பேச மாட்டேன் என்கிறது. கூத்து மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. நிறுத்தவும் வழி தெரியவில்லை" என்றார். அவர் குரலுக்குப் பின்னால், கூத்தில் ஊதும் முகவீணை வீறிட்டுக்கொண்டிருந்தது. "ஸ்பீக்கரை மட்டும் அணைத்து வையுங்கள் பெரியப்பா, வந்துவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டுக் காட்பாடியில் குடியாத்தம் பஸ் பிடித்தேன். லத்தேரி தாண்டி, கே.வி.குப்பத்தில் இறங்கி, அங்கிருந்து வெயிலில் நடை.

பெரியப்பா தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கிளாக்கோமா அவர் கண் நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, ஓய்வுக்குப் பிறகு சில ஆண்டுகளில் பார்வையை முழுவதும் எடுத்துக்கொண்டது. புத்தகம் இல்லாமல் ஒரு நாளும் இருந்தறியாத மனிதர். வீட்டில் சும்மா கிடந்த பழைய கணினியில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவி, ஓர்க்கா என்ற திரைவாசிப்பானை இயக்கிக் கொடுத்தேன். திரையில் இருப்பதை ஓர்க்கா எடுத்துக் கொடுக்கும். ஈஸ்பீக் என்ற நிரல் அதைக் குரலாக்கும். ஜோனதன் டடிங்டன் என்பவர் 1995இல் ஏக்கார்ன் கணினிகளுக்கு எழுதிய சிறிய நிரலிலிருந்து வளர்ந்தது அது. தமிழும் பேசும். தகரத்தைத் தட்டியதுபோன்ற குரல்தான், ஆனால் ஒரு மாதத்தில் பெரியப்பாவின் காது அதற்குப் பழகிவிட்டது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களை அந்தக் குரலில் வரிசையாகப் படித்துத் தள்ளினார். வேகத்தை ஏற்றச் சொல்லி, ஏற்றச் சொல்லி, கடைசியில் எனக்கே புரியாத வேகத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்.

படிப்புக்கு அடுத்தபடி அவருக்குக் கூத்துதான் எல்லாம். வட ஆற்காட்டுப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்துமாக நடக்குமே, அந்த ஊர்களுக்கெல்லாம் இளவயதில் டேப் ரெக்கார்டருடன் போய் விடிய விடிய உட்கார்ந்து பதிவுசெய்தவர். தொண்ணூறு நிமிட கேசட்டுகள், இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய. அவற்றை நான் ஒவ்வொன்றாகக் கணினிக்கு மாற்றிக் கொடுத்திருந்தேன். அன்று ஓடிக்கொண்டிருந்தது அவற்றில் ஓர் இரவு முழுவதும் நடந்த கூத்து. நிறுத்தாவிட்டால் பொழுது சாயும்வரை ஓடும்.

நான் போய்ச் சேர்ந்தபோது பெரியப்பா அணைத்த ஸ்பீக்கருக்கு முன்னால் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். ஸ்பீக்கரைப் போட்டேன். ஆர்மோனியம், மத்தளம், தாளம், முகவீணை எல்லாம் ஒன்றாகப் பாய்ந்தன. திரையைப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. பாட்டு நிரலின் சன்னல் திறந்திருந்தது, நிறுத்தும் பொத்தான் நடுவிலேயே இருந்தது. கண் உள்ள எவரும் அரை விநாடியில் அழுத்தியிருப்பார்கள். அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது, இப்போது எதன் மேல் நிற்கிறோம் என்று பெரியப்பாவுக்குச் சொல்லவேண்டிய குரல்தான் அங்கே இல்லை. டேப் விசையை ஒவ்வொரு முறை தட்டியபோதும் ஏதோ ஒன்று தேர்வாகிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. எது என்று அவருக்குத் தெரியாது. தவறாக எதையாவது அழுத்திப் பதிவுகள் அழிந்துவிடுமோ என்ற பயத்தில் விசைப்பலகையிலிருந்தே கையை எடுத்துவிட்டார்.

பாட்டை நிறுத்தினேன். அடுத்த விசையை அழுத்தியதும் தகரக் குரல் பேசத் தொடங்கியது. பெரியப்பாவின் தோள்கள் தளர்ந்ததைப் பார்த்தேன்.

"இதற்கு முன்பும் இரண்டு தடவை இப்படி ஆனது" என்றார். "சில நாள் இதற்கு நேர்மாறாக நடக்கும். பாட்டு வராது. பெட்டி மட்டும் ஏதோ ஆங்கிலத்தில் சொல்லும்." என்ன சொல்லும் என்று கேட்டேன். நிதானமாக, ஆசிரியருக்கே உரிய உச்சரிப்பில் சொன்னார்: "டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி."

லினக்ஸில் ஒலியோடு மல்லுக்கட்டியவர்கள் எல்லோருக்கும் அந்த வாக்கியம் தெரியும். லினக்ஸின் மையமான கெர்னலின் பிழைப் பட்டியலில் அதற்கு எண் 16. கேட்ட பொருள் வேறொருவர் கையில் இருக்கிறது என்பதே அதன் பொருள். யார் கையில் என்பதையும் லினக்ஸிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கூத்தை மறுபடி ஓடவிட்டு, கட்டளைகளைத் தட்டும் முனையத்தில் ஃப்யூசர் என்ற கட்டளையை ஒலிச் சாதனக் கோப்புகளின் மேல் ஏவினேன். ஒலி அட்டை எண் 0, சாதன எண் 0, கடைசி எழுத்து 'பி' என்று முடியும் கோப்பு ஒன்று உண்டு. 'பி' என்றால் ஒலிக்கவிடும் வழி, 'சி' என்றால் பதிவுசெய்யும் வழி. அந்தக் கோப்பை ஒரே ஒரு நிரல் பிடித்துவைத்திருந்தது. பாட்டு நிரல். அப்படிப் பிடிக்கும்படி அமைத்து வைத்தது நான்.

பழைய கேசட்டின் ஒலி கொஞ்சமும் கெடாமல் பெரியப்பாவின் காதுக்குப் போகவேண்டும் என்று ஆசைப்பட்டேன். பதிவுகளை விநாடிக்கு 44,100 மாதிரிகளாக, அதாவது ஒலியலையின் உயரத்தைச் சொல்லும் எண்களாக மாற்றியிருந்தேன். நிரல்களுக்கும் அட்டைக்கும் இடையில் இருக்கும் 'ஒலி வழங்கி' என்ற நிரல் எல்லா ஒலிகளையும் கலந்து, தேவைப்பட்டால் 48,000 ஆக மாற்றித்தான் அட்டைக்கு அனுப்பும். 147க்கு 160 என்ற விகிதம். முழு எண்ணாக வகுபடாது, ஒவ்வொரு மாதிரியையும் கணக்கிட்டுப் புதிதாக உண்டாக்கவேண்டும். அந்தத் தொடுதலே வேண்டாம் என்று பாட்டு நிரலின் அமைப்பில் ஒலி வழங்கியின் பெயரை எடுத்துவிட்டு, 'ஹெச்டபிள்யூ 0,0' என்று எழுதினேன். 'நேராக வன்பொருளுக்குப் போ, நடுவில் யாரும் வேண்டாம்' என்று அதற்குப் பொருள். ஒலித்தரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் சொல்லும் யோசனைதான். நடுவில் விலக்கிய அந்த 'யாரும்' என்பதற்குள் பெரியப்பாவின் குரலும் இருந்தது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

வன்பொருள் ஏன் ஒருவருக்கு மட்டும் கதவைத் திறக்கிறது? அட்டை வாசிக்கும் நினைவகத்தை ஒரு வட்டமாக நினைத்துக்கொள்ளுங்கள். நிரல் அதில் எண்களை எழுதிக்கொண்டே போகிறது. அட்டை பின்னாலேயே வாசித்துக்கொண்டு வருகிறது. விநாடிக்கு எத்தனை மாதிரி, ஒவ்வொன்றும் எத்தனை பிட், வட்டம் எவ்வளவு பெரிது என்பதையெல்லாம் முதலில் திறந்தவர் நிர்ணயித்துவிடுகிறார். இரண்டாவதாக வருபவர் வேறு வேகம் கேட்டால் அந்த வட்டத்தால் கொடுக்க முடியாது. 1998இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் லைவ் போன்ற அட்டைகள் பல ஓட்டங்களைச் சில்லுக்குள்ளேயே கலந்தன. அட்டையை ஓட்டும் நிரலான லினக்ஸ் இயக்கி அதில் 32 நிரல்களை ஒரே நேரத்தில் அனுமதித்தது. தாய்ப்பலகையிலேயே ஒலி வந்துசேர்ந்தபின் அந்த வசதி போய்விட்டது. கலப்பதை மென்பொருள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். இன்று நம் மடிக்கணினிகளில் பெரும்பாலானவை அப்படித்தான்.

கலப்பது என்பது வெறும் கூட்டல். 16 பிட் மாதிரியின் எல்லை 32,767. கூத்து ஒரு கணத்தில் 20,000 என்றும், குரல் 5,000 என்றும் சொன்னால் 25,000. கூத்து 20,000, குரல் 15,000 என்றால் எல்லை தாண்டிவிடும், ஒலி கிழியும். அதனால் கொஞ்சம் தாழ்த்திக் கூட்டவேண்டும். ஆர்மோனியமும் மத்தளமும் முகவீணையும் காற்றில் கூடித்தான் நம்மிடம் வருகின்றன. காதுக்குள் இருப்பது ஒரே ஒரு சவ்வு. கூட்டலைக் கெடுதல் என்று நினைக்க எனக்கு இப்போது மனம் வருவதில்லை.

ஆனால் ஒரு புதிர் மிச்சம் இருந்தது. சில நாள் பாட்டு தோற்றது, சில நாள் குரல் தோற்றது. ஏன் இரண்டு விதமாக நடக்கிறது? அன்று மாலை முழுவதும் பெரியப்பாவை உட்காரவைத்து, அவர் வழக்கமாகச் செய்வதைச் செய்யச் சொல்லிப் பார்த்தேன்.

அந்தக் கணினியில் ஒலி வழங்கியாக இருந்தது பல்ஸ் ஆடியோ. திரைவாசிப்பானின் குரல் அதன் வழியாகத்தான் வரும். ஐந்து விநாடி எந்த ஒலியும் வராவிட்டால் பல்ஸ் ஆடியோ அட்டையை மூடிவிட்டு ஓய்வுக்குப் போய்விடும். மின்சாரத்தை மிச்சப்படுத்த வைத்த நல்ல ஏற்பாடு; மறுபடி ஒலி வந்தால் அட்டையைத் திறந்துகொள்ளும். பெரியப்பா பொத்தான் வரை வருவார். குரல் பொத்தானின் பெயரைச் சொல்லும். உடனே என்டர் தட்டினால் அட்டை இன்னும் குரலின் கையில்தான் இருக்கும். பாட்டு நிரல் கதவைத் தட்டும், உள்ளே ஆள் இருக்கும், பிழைச் செய்தி வரும். அந்தச் செய்தியைப் படித்துச் சொல்வது, அட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கும் அதே குரல். எந்தக் கூத்தைப் போடலாம் என்று ஐந்து விநாடிக்கு மேல் யோசித்துவிட்டால், அதற்குள் பல்ஸ் ஆடியோ அட்டையை விட்டிருக்கும். பாட்டு நிரல் உள்ளே புகுந்து தாழ் போட்டுக்கொள்ளும். அதன்பின் குரல் எத்தனை முறை தட்டினாலும் திறக்காது.

சுருக்கமாகத் தட்டினால் கூத்து இல்லை, யோசித்துத் தட்டினால் குரல் இல்லை. இதை அவரிடம் சொன்னதும் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நம் பங்குக் கிணறு மாதிரி" என்றார்.

எங்கள் தாத்தாவும் அவருடைய தம்பிகள் இருவரும் பங்கு வைத்துக்கொண்ட கிணறு அது. பாலாறு பெயருக்குத்தான் ஆறு. இந்தப் பக்கத்து வெள்ளாமை கிணற்றை நம்பியே நடந்தது. மாடு கட்டிக் கவலை ஓட்டி நீர் இறைத்த காலத்திலிருந்தே முறை உண்டு. மின் மோட்டார் வந்தபிறகும் முறை போகவில்லை. இன்று ஒரு பங்காளி, நாளை இன்னொருவர். ஒருமுறை சின்னத் தாத்தா ஒருவர் மோட்டாரைப் போட்டுவிட்டு, கொட்டகையைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டு ஆரணிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டாராம். அவர் வயல் நிறைந்து வரப்பு வழிந்து தண்ணீர் சாலைக்கு ஓடியது. அடுத்த வயலில் எங்கள் தாத்தாவின் நாற்று வெயிலில் சுருண்டது. மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது, நிறுத்தக் கை போகாது. "சாவி இருக்கிறவன் கெட்டவன் இல்லை தம்பி, அவனுக்கு இன்னொருவன் வயல் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்" என்றார் பெரியப்பா. எனக்கு அவர் பாட்டு நிரலைச் சொல்கிறாரா என்னைச் சொல்கிறாரா என்று தெரியவில்லை. இரண்டும் உண்மை.

லினக்ஸ் ஒலியின் கதை முழுக்க இந்தச் சாவிதான். தொடக்கத்தில் ஹன்னு சவோலைனன் எழுதிய இயக்கிகளின் காலத்தில், ஒலி என்பது ஒரு கோப்பு. அதில் எண்களைக் கொட்டினால் ஸ்பீக்கர் பேசும். அழகான எளிமை, ஆனால் ஒருவர் திறந்தால் மற்றவர் காத்திருக்கவேண்டும். 1998இல் யாரோஸ்லாவ் கைசெலா தொடங்கிய ஆல்சா என்ற புதிய ஒலி இயக்கித் தொகுப்பு, 2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னலோடு எல்லோர் கணினிக்கும் வந்துசேர்ந்தது. அப்போதும் எளிய அட்டைகளில் கதவு ஒருவருக்குத்தான். இடையில் டெஸ்க்டாப்காரர்கள் கலப்பதற்கென்று ஆளுக்கொரு ஒலி வழங்கியைக் கொண்டுவந்தார்கள். லினக்ஸின் திரைமுகப்புகளான க்னோம் பக்கம் ஒன்று, கேடிஈ பக்கம் ஒன்று. கலக்க வந்த இந்த இரண்டுமே அட்டையை முழுதாகக் கேட்டன. ஒரு பக்கத்து நிரலை மறுபக்கத்தில் ஓட்டினால் ஊமை. பழைய நிரல்களை ஏமாற்றி வழங்கியின் பக்கம் திருப்பிவிடத் தனியாகச் சிறு நிரல்கள் எழுதவேண்டி வந்தது. பிறகு ஆல்சாவுக்குள்ளேயே டிமிக்ஸ் என்ற கலப்பான் வந்தது. 2004இல் லெனார்ட் பாட்டெரிங் தொடங்கிய வழங்கி, பல்ஸ் ஆடியோ என்ற பெயரில் 2007 நவம்பரில் ஃபெடோரா 8 என்ற லினக்ஸ் வெளியீட்டுடன் இயல்பானதாயிற்று. அதைத் திட்டாதவர்கள் அந்த நாளில் குறைவு. நானும் திட்டியவன்தான். நேராக அட்டைக்குப் போகிற வழியை நான் விரும்பியதற்கு அந்தப் பழைய கோபமும் ஒரு காரணம் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

இவற்றில் எனக்குப் பிடித்த பகுதி அதிகம் பேசப்படாதது. இசைப்பதிவு செய்கிறவர்களுக்கென்று பால் டேவிஸ் எழுதிய ஜாக் என்ற வழங்கி இருக்கிறது. சில மில்லி விநாடித் தாமதம்கூட அவர்களுக்குக் கெடுதல்; அட்டை முழுதாகத் தேவைப்படுவது அங்கே நியாயம். ஜாக்கும் பல்ஸ் ஆடியோவும் முட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு நெறி வகுத்தார்கள். அட்டையை வைத்திருப்பவர் தன் பெயரையும் முன்னுரிமை எண்ணையும் எல்லோருக்கும் தெரியும் இடத்தில் எழுதிவைக்கவேண்டும். கூடுதல் முன்னுரிமை உள்ளவர் வந்தால், 'விட்டுக்கொடுக்க முடியுமா' என்று முதலில் கேட்பார். வைத்திருப்பவர் கையிலிருந்த வேலையை ஒழுங்காக முடித்து அட்டையை விடுவார். பங்காளிகளுக்குள் பேசிக்கொள்வதுபோல. ஆனால் அந்த நெறி தெரிந்த நிரல்களுக்குள்தான் அது நடக்கும். நான் அமைத்துவைத்த பாட்டு நிரல் யாரையும் கேட்கவில்லை. காலியாக இருந்தது, நுழைந்துவிட்டது.

காட்பாடி சந்திப்பில் மாலை நேரத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். சென்னை வண்டியும் ஜோலார்பேட்டை வண்டியும் ஒருசேர வரும். விழுப்புரம் வண்டி வேறு இடையில். ஒரே ஒலிபெருக்கி, தமிழ், இந்தி, ஆங்கிலம் என்று அறிவிப்புகள் வரிசையில் நின்று வரும். அந்த ஒலிபெருக்கியை ஒருவர் நல்ல பாட்டுக் கேட்பதற்காக ராத்திரி வரை எடுத்துக்கொண்டால் யாராவது ஒத்துக்கொள்வார்களா? பாட்டு எவ்வளவு தூய்மையாக ஒலித்தாலும் சரி, நடைமேடை எண் தெரியாமல் நிற்கிறவர் வண்டியைத் தவறவிடுவார். கண் உள்ளவர் பலகையைப் பார்த்துக்கொள்வார். பலகையைப் பார்க்க முடியாதவருக்கு அந்த அறிவிப்புதான் பலகை.

ஒரே நிரல் அட்டையை முழுதாகப் பிடித்துக்கொள்ளும் தனியுரிமைப் பிடியே கூடாது என்று நான் வாதாடவில்லை. பதிவுக்கூடத்தில் அது வேண்டும். ஆனால் அது கேட்டு வாங்கவேண்டிய ஒன்றாக, வாங்கியவுடன் எல்லோருக்கும் தெரியும் ஒன்றாக, ஒரே விசையில் பறித்துவிடக்கூடிய ஒன்றாக இருக்கவேண்டும். திரைவாசிப்பானின் குரல் எந்த நிலையிலும் அடைபடக்கூடாது. அமைப்புப் பக்கத்தில் 'தனியுரிமை' என்று ஒரு குறிப்பெட்டியை வைக்கிறவர்கள், அதற்குக் கீழே 'இதனால் இந்தக் கணினியின் மற்ற எல்லாக் குரலும் நின்றுபோகும்' என்று ஒரு வரி எழுதவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அப்படி ஒரு வரி என் கண்ணில் பட்டிருந்தால் நானும் நேர்வழியை அமைத்திருக்க மாட்டேன்.

அன்று இரவே பாட்டு நிரலைப் பல்ஸ் ஆடியோவின் பக்கம் திருப்பினேன். பிறகு ஒருமுறை, கணினி கிளம்பும் நேரத்திலிருந்தே குரல் வேண்டும் என்று கெர்னலோடு பேசும் ஸ்பீக்அப்பை நிறுவப்போய், அது அட்டையை நேராகப் பிடிக்க, ஓர்க்கா ஊமையாக, அதே சண்டை புது வேடத்தில் வந்தது. அதை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தீர்த்தேன். 2021இல் ஃபெடோரா 34உடன் பைப்வயர் வந்தது. விம் டேமன்ஸ் எழுதிய அது ஜாக்கின் வேலையையும் பல்ஸ் ஆடியோவின் வேலையையும் ஒன்றாகப் பார்த்துக்கொள்கிறது. நேராக அட்டைக்குப் போக நினைக்கும் நிரல் இன்றும் போகலாம். கதவு அதே கதவுதான்.

ஆனால் 2018இன் அந்த இரவுக்குத் திரும்புகிறேன். இரண்டும் ஒன்றாக ஒலிக்கத் தொடங்கியதும் இன்னொரு சிக்கல் தெரிந்தது. முகவீணையின் கூர்மையில் தகரக் குரல் அமுங்கியது. பல்ஸ் ஆடியோவில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு வேடம் சூட்டலாம்: இசை, தொலைபேசி, திரைவாசிப்பான் போன்ற உதவிகளுக்கான அணுகல் என்று. ஒரு வேடம் மேடைக்கு வந்தால் மற்றொன்று தாழவேண்டும் என்று சொல்ல ஒரு கூறும் இருக்கிறது. குரலுக்கு அணுகல் வேடத்தையும் பாட்டுக்கு இசை வேடத்தையும் கொடுத்து அதை இயக்கினேன். இயல்பாக அது 20 டெசிபல் தாழ்த்தும். அலையின் உயரம் பத்தில் ஒன்றாகிவிடும்.

பெரியப்பா அம்புவிசையைத் தட்டினார். குரல் பேசியது, கூத்து சட்டென்று தூரத்து ஊரில் நடப்பதுபோல ஆயிற்று. குரல் நின்றது, கூத்து திரும்பி வந்தது. மூன்று நான்கு முறை தட்டிப் பார்த்தார். முகத்தில் திருப்தி இல்லை.

"கூத்து வாத்தியார் பாடும்போது பின்பாட்டுக்காரரை வெளியே அனுப்புவார்களா? பக்கத்திலேயே நிற்கட்டும்" என்றார்.

எண்ணை 6 டெசிபலாக மாற்றினேன். உயரம் பாதி. மறுபடி தட்டினார். குரல் கோப்பின் பெயரைப் படித்தது. அதற்கு அடியில் முகவீணை விடாமல் ஓடியது. "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். கடைசி பஸ் ஒன்பதரைக்கு. நான் கிளம்பும்போது அவர் விரல்கள் மேசைமேல் தாளம் போட்டுக்கொண்டிருந்தன.